எந்தச் செபம் சொல்வது?

சைகோனிலிருந்து என் வீட்டுக்காரருடைய தபால் வருவது நின்றுபோனதும் எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. போன இடத்தில் சொகுசு கண்டுவிட்டது, நம்மை மறந்துவிட்டது மனுஷன் என்று அடுப்படியில் நின்று கரித்துக் கொட்டினேன். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுக்காரன் ஆண்ட வில்லியனூரைச் சுற்றி அப்படிப் போனவர்கள் நிறைய. கல்யாணமாகி ஒரு மழைக்காலம் என்னோடு இருந்தார், அடுத்த மழைக்கு முன்னால் கப்பலேறிவிட்டார்.

அப்புறம்தான் சண்டைச் சேதி வந்தது. பிரான்சு தோற்றுவிட்டது என்றார்கள். சைகோன் பக்கம் சப்பான்காரன் வந்துவிட்டான், கப்பலும் வராது தபாலும் வராது என்றார்கள். மேரி ஆபீசில், அதாவது பிரெஞ்சுக்காரன் நகரசபையில் போய் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டேன். தெரியாது என்று பிரெஞ்சில் ஒரு தடவை சொன்னார்கள், தமிழில் ஒரு தடவை சொன்னார்கள். இரண்டிலும் ஒரே தெரியாதுதான்.

சரி, அவர் கதை அப்படி. என் கதை என்ன? நான் புருஷன் உள்ளவளா, இல்லாதவளா? பூ வைத்துக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போனால், "அவன் என்ன ஆனானோ, இவளுக்குப் பூ கேக்குது பாரு" என்று பேசினார்கள். வைக்காமல் போனாலோ, "ஐயையோ, சேதி வந்துடுச்சா?" என்று ஓடி வந்தார்கள். யோசித்து யோசித்து முக்காட்டுக்குள்ளே பூ வைக்க ஆரம்பித்தேன். யாருக்கும் தெரியாது. பூசை நடுவில் எனக்கே சந்தேகம் வந்து, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். எங்கள் ஊரில் எங்களைப் போன்ற வேதக்காரர் வீடுகள் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் கரும்பும் நெல்லும் போடுகிற கவுண்டர் வீடுகள். எதிர்வீட்டு அக்கா, பாவம், நல்ல மனசு. தினமும் வாசல் தெளிக்கும்போது, "இன்னாடி, சேதி ஏதாவது?" என்று கேட்டுவிடும். அதற்குப் பயந்து நான் விடியுமுன்னே வாசல் தெளித்தேன்.

வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் அவரைப் பெற்றவர். பொழுது சாய்ந்ததும் இரண்டு பேரும் மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டுச் செபமாலை சொல்லுவோம். முடிவில் எப்போதும் இரண்டு செபங்கள் உண்டு. ஊருக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வர ஒன்று, மரித்த ஆத்துமாக்களுக்கு ஒன்று. அவர் கப்பலேறிய நாளிலிருந்து முதல் செபத்தில்தான் அவர் பெயர் இருந்தது. ஒரு நாள் அத்தை அந்தப் பெயரைத் தூக்கி இரண்டாவதில் வைத்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "இன்னா அத்த இது? உசுரோட இருக்கறவருக்கு எழவு செபமா?" என்று கத்தினேன். அத்தை சளைக்கவில்லை.

"இருந்தா நல்லதுதான்டி. இல்லாமப் போயிருந்தா? உத்தரிக்கிற ஸ்தலத்துல எம் புள்ள நெருப்புல கெடப்பான். நமக்குன்னு வேண்டிக்க ஆரும் இல்லியேன்னு பாத்துக்கினு இருப்பான்."

இப்படி ஒரு சிக்கலை வெளியாருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது சிரிப்பில்லை. உயிரோடு இருக்கிறவனுக்குச் சாவுச் செபம் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று ஊரில் ஒரு பயம். செத்தவனுக்குச் சொல்லாமல் விட்டாலோ, மோட்சம் போகுமுன் பாவம் தீர வேகிற அந்த உத்தரிக்கிற ஸ்தலத்திலேயே அவன் ஆத்துமம் வெந்துகொண்டு கிடக்கும். எந்தப் பக்கம் தப்பு செய்தாலும் அடி அவருக்குத்தான்.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "சர்வேசுரனுக்கு எல்லாம் தெரியும் அம்மா, நீ செபம் பண்ணு" என்றார். எந்தச் செபம் சாமி என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு வெளியே மழையைப் பார்த்தார். சர்வேசுரனுக்குத் தெரியும் என்பது எனக்கும்தான் தெரியும். எனக்குத் தெரியவில்லை என்றுதானே அவ்வளவு தூரம் சேற்றில் நடந்து போனேன்!

கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்கு எல்லாரும் தங்கள் வீட்டுக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்நிய மண்ணில் செத்தவர்களுக்குக் கல்லறை ஏது? அவர்களுக்காகக் கல்லறைத் தோட்டத்து நடுவில் நிற்கிற பெரிய சிலுவையடியில் ஏற்றுவார்கள். அத்தை நேரே அங்கேதான் போனார். ஏற்றி வைத்ததை நான் எல்லார் முன்னாலும் ஊதி அணைத்தேன். அத்தை மறுபடி ஏற்றினார். நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருஷமும் இதே கூத்துதான்.

அதற்கும் அடுத்த திருநாளுக்கு முந்தின ஞாயிறு சாமியார் பிரசங்கம் வைத்தார். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள் தங்களுக்காகத் தாங்களே வேண்டிக்கொள்ள முடியாது, கை கட்டிப் போட்டவர்களைப் போல நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அவ்வளவுதான், எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் என் வீம்பால் அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடைக்காமல் போயிருந்தால்? வீட்டுக்கு வந்ததும், மாதாவே, ஏதாவது ஒன்று சொல்லேன் என்று படத்தோடு சண்டை போட்டேன். மாதா எப்போதும்போலப் பார்த்தாள்.

திருநாள் அன்று நல்ல தூறல். அத்தை வீட்டுக் கல்லறையில் மாமனாருக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டு பெரிய சிலுவையடிக்குப் போய், முந்தானையால் காற்றை மறைத்து மெழுகுவத்தி ஏற்றினேன். அவர் பெயரை இரண்டாவது செபத்தில் வைத்து, வாய்விட்டு, பாதிதான் சொல்லியிருப்பேன்.

"இன்னாடி பண்ற?"

பின்னால் அத்தை. முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க பண்றததான் அத்த. அவருக்குத்தான்."

"சேதி வந்துச்சா? எங்கிட்ட மறைக்கிறியா?"

"ஒரு சேதியும் வரல."

அத்தை அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்புறம் ஏன்டி ஏத்துன, பாவி?"

"வருசா வருசம் நீங்க ஏத்தலியா?"

"நான் ஏத்துவேன்டி. நீ வந்து அணைப்ப. நீ திட்டற வரிக்கும் எம் புள்ள இருக்கான்னு எனக்கு ஒரு தெம்பு. செத்துருந்தா நான் பாத்துக்கறேன், இருந்தா நீ பாத்துக்குவன்னு வுட்டுட்டேன். நீயும் எம் பக்கம் வந்துட்டா, உசுரோட இருக்கான்னு வேண்டிக்க அவனுக்கு ஆருடி இருக்கா?"

இத்தனை காலம் என்னை எதிர்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்த மனுஷி, என் வாயை நம்பியே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஓவென்று அழுகை வந்தது. அழுதுகொண்டே, "எழுந்திருங்க, ஊரே பாக்குது. உசுரோட இருக்கறவருக்கு மெழுகுவத்தியாம்! புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்று பழையபடியே கத்தினேன். அத்தை தலையை ஆட்டிக்கொண்டே என் கையைப் பிடித்து எழுந்தார்.

அவர் இருந்தாரா இல்லையா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது. எது சரியான செபம் என்றும் தெரியாது. ஆனால் ஆளுக்கொன்றாக இரண்டையும் சர்வேசுரன் காதில் போட்டுவிடுவோம், எது வேண்டுமோ அதை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தபோது, நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் நகர்ந்தது. அதற்குச் சமாதானம் என்றுதான் பெயரா, அதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் செபமாலை முடிந்து, ஊருக்குப் போனவர்களுக்கான செபத்தை நான் ஆரம்பித்தேன். அவர் பெயர் வந்த இடத்தில் குரலை இறக்கிவிட்டேன். அத்தை முழங்கையால் என்னை இடித்தார்.

"சத்தமா சொல்லுடி. சைகோன் இன்னா பக்கத்துலயா இருக்கு?"