யேசுதாஸ் போட்ட முடிச்சு

என் தங்கை அடைக்கலமேரியைக் கட்டியவன் யேசுதாஸ். ஹார்பரில் பதினாறு வருஷம் விஞ்சு ஓட்டியவன். நானும் அதே கேங்கில்தான் இருந்தேன். சரியான பிடிவாதக்காரன். அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது, அழுகை அப்புறம்தான்.

விஞ்சு என்றால் கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கும் யந்திரம். அதன் லீவரை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தால் கை மரத்துப்போகும். அதனால் கயிற்றைப் போட்டுக் கட்டிவிடுவோம். அந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். தொங்கவிட்ட நுனியை, அதாவது வாலைப் பிடித்துச் சுண்டினால் அவிழ்ந்துவிடும். அவிழாத நாளும் உண்டு. ஆகவே முடிச்சுப் போடுகிறவன் இடுப்பில் கத்தி இருந்தாக வேண்டும். கத்தி இல்லாதவனை மேஸ்திரி விஞ்சுப் பக்கமே அண்டவிட மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் யேசுதாஸ் வேலையை விட்டான். யாருக்கும் கைகட்டி நிற்காமல் சொந்த வண்டி ஓட்ட வேண்டும் என்று ஆசை. கடைசி நாள் தன் கத்தியை உறையோடு கழற்றி என்னிடம் நீட்டினான்.

“நீ வெச்சிக்க மச்சான். இனிமே இத வெச்சிகினு நான் இன்னா பண்ணப்போறேன்?”

மரப்பிடியில் சிலுவை செதுக்கிய கத்தி. எனக்கு அதன்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். மறுபேச்சுப் பேசாமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஏலத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி எடுத்தான். காலையில் ராயபுரத்தில் ஐஸ் பாறைகளை ஏற்றி எண்ணூர்க் குப்பங்களில் இறக்குவான். திரும்பும்போது மீன்கூடைகளையும் மீன்காரப் பெண்களையும் ஏற்றி வருவான். மாதா கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்த பத்தாம் நாளே, மூன்றாவது கியர் போட்ட இடத்தில் நிற்காமல் எகிற ஆரம்பித்தது.

புளியந்தோப்பு மெக்கானிக் மதார் சாகிப் கியர்பாக்ஸைத் திறந்து, அடியில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். எண்ணெயில் ஊறிய மரத்தூள். பல் தேய்ந்த சத்தம் வெளியே கேட்காமல் இருக்க, விற்ற மகராசன் பண்ணிய வேலை.

“மூணாவது கியர்ல பல்லு எங்க கீது நைனா? மொத்தமா தேஞ்சிபோச்சு. மாத்து கியர் தேடிப் புடிக்கப் பதினஞ்சு நாளு ஆவும். அதுவரிக்கும் வண்டிய எடுக்காத.”

“அதுக்குள்ள ஐஸ்காரன் வேற வண்டி வெச்சிக்குவான் பாய்.”

“உன் இஷ்டம். என்னிக்காவது நட்டநடு ரோட்டுல கழுத்தறுக்கும். சொல்ட்டேன்.”

யேசுதாஸ் வண்டியை நிறுத்தவில்லை. கியர் எகிறாமல் இருக்க விஞ்சுக்காரன் புத்தியைக் காட்டினான். மூன்றாவதில் தள்ளி, லீவரை முன்னாலிருந்த கம்பியோடு கயிற்றால் கட்டிவிட்டான். அதே ஹார்பர் முடிச்சு. நிறுத்த வேண்டிய இடம் வந்தால் வாலைச் சுண்டி அவிழ்ப்பான்.

ஒரு நாள் நானும் கூடப் போனேன். அந்த முடிச்சை அன்றைக்குத்தான் பார்த்தேன். வண்டியின் தளத்தில் ஓட்டை வேறு. ரோட்டுத் தண்ணீர் உள்ளே தெறித்துக்கொண்டிருந்தது. நனைந்த கயிறு ஊறி இறுகும் என்பது அவனுக்குத் தெரியாததா?

“கத்தி ஒண்ணு வெச்சிக்க மாப்ள” என்றேன்.

“இது இன்னா கப்பலா, கத்தி வெச்சிக்க?” என்று சிரித்தான்.

அவன் கத்தி அப்போது என் இடுப்பில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தாலும் வாங்கமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கத்தியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மாற்று கியர் கிடைத்துவிட்டது, சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவா என்று மதார் சாகிப் சொல்லி அனுப்பினார். அடைக்கலமேரி அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தாள். வியாழக்கிழமை காலை அவன் வழக்கம்போல் எண்ணூருக்குப் புறப்பட்டான்.

திரும்பி வரும் வழியில் ஒரு பாக்டரிக்குப் போகும் தண்டவாளம் ரோட்டைக் குறுக்கே வெட்டும். கேட் கிடையாது. முன்னால் போன மாட்டுவண்டிக்காக அவன் வேகத்தைக் குறைக்க, மேட்டில் ஏறிய வண்டி மூன்றாவது கியரில் திணறி, தண்டவாளத்தின்மேல் அணைந்துவிட்டது. முதல் கியருக்கு மாற்றினால்தான் நகரும். முடிச்சு அவிழவில்லை. பின்னால் உட்கார்ந்து வந்த மீன்காரி சொக்கம்மாள்தான் மீதியை எனக்குச் சொன்னாள்.

“கிளச்ச மிதிச்சிகினு ‘தள்ளுங்க’ன்னான். நாங்க நாலு பொம்பளைங்க எறங்கித் தள்ளினோம். சேத்துல காலு வழுக்குது, வண்டி அசையல. அப்பதான் கூட்ஸு வந்துச்சு. இஞ்சின் பின்னால இருந்து தள்ளிகினு வருது, இஞ்சின் டிரைவருக்கு முன்னால இன்னா கீதுன்னு எப்பிடித் தெரியும்? நடந்து வர்ற வேகந்தான்.”

“அவன் குதிக்கலியா?”

“‘நீங்க எட்டப் போங்க, எட்டப் போங்க’ன்னு எங்களத் தொரத்தினான். நாங்க கத்துறோம், எறங்கி வாடான்னு. அவன் குனிஞ்சி அந்தக் கயித்தப் பல்லால கடிச்சிகினு கீறான்.”

நடந்து வரும் வேகம். குதித்திருக்கலாம், பாவி. வண்டி போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், நசுங்கிப்போன வண்டியைப் பார்க்க நானும் மதார் சாகிப்பும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அடைக்கலமேரி கூடவே வந்தாள். லீவர் இன்னும் மூன்றாவதிலேயே கட்டுண்டு கிடந்தது. முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. அதில் பல் பதிந்த தடம். ஒரு புரி மட்டும் பாதி அறுந்திருந்தது.

லீவரை விடுவித்தால்தான் வண்டியை இழுக்க முடியும் என்றார் மதார் சாகிப். நான் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றின்மேல் வைத்தேன். ஒரே இழுப்பில் கயிறு அறுந்தது. அவர் விரலால் தொட்டதும் லீவர் தானாகப் பின்னால் வந்தது.

அடைக்கலமேரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது அவுரு கத்தியாச்சே, அண்ணே” என்றாள்.

ஆமாம் என்றேன்.