விமானக் கோப்பைக்காக ஒரு வாலிபால் அணி

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு ஒரு தட்டு, என் விமானங்களுக்கு நான்கு தட்டு. விமானப்படைக்காரர்கள் பணியில் இருந்தபோது பரிசாக வாங்கிய விமான வடிவக் கோப்பைகளைச் சேர்க்கிறேன். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு தென்காசிப் பக்கம் குறைவு என்பதால் சரக்குக்குப் பஞ்சமில்லை. யாராவது வீடு மாற்றினால் வாசலில் முதல் ஆளாக நிற்பேன். துக்க வீட்டில்கூட நான் ஷோகேஸைத்தான் முதலில் பார்க்கிறேன் என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. அது பொய். மாலையைப் போட்டுவிட்டுத்தான் பார்ப்பேன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் மேலகரத்தில் வாலிபால் போட்டி நடக்கும். அங்கேதான் அதைப் பார்த்தேன். பிளாஸ்டிக் மேஜையில், கலர் பாட்டில்களுக்கு நடுவில், முழங்கை நீளத்துக்கு ஒரு போர் விமானம். பித்தளையில் செய்து வெள்ளி முலாம் பூசியது. இறக்கையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஆணி வரிசை. அச்சில் வார்த்ததில்லை, ஒவ்வொன்றாகக் கையால் தட்டியது. பற்றவைத்த இடம் எங்கே என்று கண்ணாடி போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. விரலால் தொட்டால் சக்கரம் உள்ளே மடங்கியது. படைத்தளத்துப் பட்டறையில் எவனோ ஒருவன் அரத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். என்னிடம் இருந்த ஒன்றுகூட அதன் கிட்டே வராது.

ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்ததாம். அன்றிலிருந்து அது சுழற்கோப்பை. ஜெயிக்கிற அணி ஒரு வருஷம் வைத்திருந்து திருப்பித் தர வேண்டும்.

நான் தந்திரசாலி என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. இடுப்பு உயரத்துக்குத் தகதகவென்று ஒரு புதுக் கோப்பையை வாங்கிப் போய், பழசுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கமிட்டித் தலைவரிடம் கொடுத்தேன். அவர் புதுசைக் கட்டி அணைத்துக்கொண்டார்.

"பழசச் சும்மா தூக்கித் தந்தா பயலுவ சண்டைக்கு வருவானுவ அண்ணாச்சி. ஒண்ணு செய்வோம். இந்த வருசம் ஜெயிக்கவனுக்கே அதச் சொந்தமாக் குடுத்திருதோம். அடுத்த வருசத்துல இருந்து ஒங்க கப்பு."

ஆக, கொண்டுபோனதும் போயிற்று. இனி ஜெயித்தால்தான் விமானம். எனக்கோ பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம்.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் ஆறு பேரைப் பிடித்தேன். காலையில் லோடு இறக்கிவிட்டு, சாயங்காலம் சந்தைக்குப் பின்னால் வலை கட்டி ஆடுகிறவர்கள். வெங்காய மூட்டை தூக்குகிற தோளுக்குப் பந்து எம்மாத்திரம்? ஜெர்சி, ஷூ, தினமும் பரோட்டா எல்லாம் என் உபயம். எதற்கு இவ்வளவு செய்கிறேன் என்று கேப்டன் கேட்டான். "விளையாட்டு வளரணும்லா" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. கோப்பை வேண்டும் என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை.

இறுதி ஆட்டம் சாரலில் நடந்தது. பந்து வழுக்கியது, எதிரணி வழுக்கியது, என் ஆட்கள் மட்டும் வேர்விட்டதுபோல் நின்று அடித்தார்கள். கடைசி செட்டில் ஜெயித்தபோது கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. ஒரு போட்டோவுக்காக விமானத்தை என் கையில் கொடுத்தார்கள். எடுத்து முடித்ததும் வாங்கிக்கொண்டு டெம்போவில் ஏறிப் போய்விட்டார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் சந்தைக்கு ஓடினேன். மூட்டை அடுக்கின் உச்சியில் விமானம் நின்றது. மூக்கில் சந்தனம், குங்குமம். இறக்கையில் ஒரு முழம் கதம்பம். முலாம் என்னாகும் என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

"வாங்க அண்ணாச்சி, டீ சொல்லுதேன்" என்றான் கேப்டன்.

டீ வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான்கு தட்டு, கண்ணாடிக் கதவு, லைட், இதைவிட நல்லதைப் பார்த்ததில்லை, வீட்டில் ஏற்கெனவே நாற்பது இருக்கிறது, எல்லாம். அவன் கண் விரிந்தது.

"நாப்பதா? எந்தெந்த மேட்ச்ல ஜெயிச்சிய?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான்.

"நான் ஒண்ணும் ஜெயிக்கல. எல்லாம் மத்தவங்க வாங்குனது."

அவன் தரையைப் பார்த்தான். என் வாழ்க்கையில் யாரும் எனக்காக அப்படிப் பரிதாபப்பட்டதில்லை. வெளியே லாரி ஹாரன் அடித்தது. மூட்டை அடுக்கைக் கலைக்க வேண்டும் என்பதால் விமானத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

"கொஞ்சம் பிடிங்க. லோடு இறக்கிட்டு வாரேன்."

அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பைக் பத்தடி தூரத்தில் நின்றது. சக்கரத்தை மடக்கினேன், விரித்தேன். மூட்டையோடு வந்தவர்கள் எல்லாம் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று என்னை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தார்கள். வெட்கமாக இருந்தது, தந்துவிட மனசும் வரவில்லை.

கேப்டன் வந்தான். துண்டில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினான். கொடுத்தேன்.