எரிகொள்ளி விழுந்த வாரம்

அவியும் நெல்லின் வாசனையோடுதான் அந்த வெளிச்சம் எனக்கு இன்றும் நினைவுக்கு வருகிறது. பிசான அறுப்பு முடிந்த மாசி மாதம். விளக்கு வைக்கிற நேரம். புறவாசலில் மூன்று கல் கூட்டி அம்மா பெரிய பானையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் குந்தி அடுப்புக்குள் சுள்ளி தள்ளிக்கொண்டிருந்தேன். அடுப்பு நெருப்பு திடீரென்று வெளிறிப் போயிற்று. நிமிர்ந்து பார்த்தால், கிழக்கேயிருந்து பனங்காய் அளவில் ஒரு தீ, பச்சையும் வெள்ளையுமாக, வாலை இழுத்துக்கொண்டு மேற்கு மலையைப் பார்த்துப் போகிறது. பானையின் நிழலும் அம்மாவின் நிழலும் தரையில் சுழன்று எதிர்ப்பக்கம் திரும்பின. மலைக்கு மேலே அது மூன்று துண்டாகச் சிதறி அவிந்தது. அதுவரை ஒரு சத்தமும் இல்லை. அம்மா துடுப்பைப் பானை வாயில் வைத்துவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்ட பிறகு, வெகுநேரம் கழித்தே, வண்டி நிறையக் கருங்கல்லைக் கொட்டியது போல மேற்கே ஒரு முழக்கம் கேட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சேரன்மகாதேவிக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் இருந்த சிறிய கிறிஸ்தவ ஊர் எங்களுடையது. அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியாரும் அவரே. பள்ளிக்கூடமும் கோவிலும் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடும் மிஷனுக்குச் சொந்தம். எனக்கு ஒரு தம்பி, மூன்று வயதுச் சாமுவேல். எங்களோடு எஸ்தர் அக்காவும் இருந்தாள். சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்ல உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள், இருபது வயதிருக்கும். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் அம்மா கையால் சாப்பிட்டு, என்னோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டவள். எனக்குத் தலை வாரிவிடுவதும் அவள்தான், எழுத்துப் பிழைக்குக் கையில் கிள்ளுவதும் அவள்தான். கூடப் பிறந்த அக்காள் இருந்தால்கூட அத்தனை பிரியமாக இருந்திருப்பேனா என்று தெரியவில்லை.

முழக்கம் அடங்குமுன்பே யாரோ கோவில் மணியை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊரே அங்கே கூடிற்று. அதற்கு முந்தின வருஷந்தான் வால்வெள்ளி தோன்றிப் பல நாள் ஜனங்களைக் கலக்கியிருந்தது. அந்தப் பயம் முழுவதும் தெளிவதற்குள் இது. அப்பா கோவில் வாசற்படியில் நின்று, "இது எரிகொள்ளி வே. வானத்துல கெடக்க கல்லு எரிஞ்சு விழுது, அம்புட்டுதான். நான் படிச்சிருக்கேன். பேசாம வீட்டுக்குப் போங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. வரப்புச் சண்டையில் ஆறு வருஷமாகப் பேசாதிருந்த அண்ணன் தம்பி இருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரு கிழவி, இனி எதற்கு என்று தன் ஆடுகளை அவிழ்த்து விட்டுவிட்டாள். எஸ்தர் அக்கா முழங்காலில் நின்று, "கடைசி நாள் வந்தாச்சு, கடைசி நாள் வந்தாச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவள் கையைப் பிடித்திருந்த எனக்கும் அந்த நடுக்கம் ஏறிற்று. அப்பா படித்தவர்தான், ஆனால் நடுங்குகிறவர்களைத்தான் பிள்ளை மனது நம்புகிறது.

எனக்கு என்னைப் பற்றிய பயம் இல்லை. அம்மாவைப் பற்றித்தான் பயம். அதற்குக் காரணம் இருந்தது.

அந்தத் தை மாதம் சாமுவேலுக்குப் பெரிய அம்மை போட்டு, கண் திறக்காமல் கிடந்தான். அப்பா இரவு பகலாக ஜெபம் பண்ணினார். பாளையங்கோட்டையிலிருந்து மருந்தும் வந்தது. ஒரு நாள் உச்சிப் பொழுதில், அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்த சமயம், அம்மா பிள்ளையை, சாப்பிட வந்திருந்த எஸ்தர் அக்காவிடம் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வயல் வழியே நடந்தாள். அம்மா பிறந்த ஊரில் பாதிப் பேர் வேதத்தில் சேராமல் இசக்கியைக் கும்பிடுகிறவர்கள். வரப்பு முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரம். அதனடியில் மஞ்சள் பூசிய கல்லாக இசக்கியம்மன். அம்மா மடியிலிருந்து மஞ்சள் பொடியையும் ஒரு மண் பிள்ளைப் பொம்மையையும் எடுத்து அங்கே வைத்தாள். அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று என் காதில் விழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. திரும்பி வரும்போது, "ஏளா, அப்பா காதுல விழக் கூடாது. ஒருத்தர் காதுலயும் விழக் கூடாது" என்றாள். நான் தலையாட்டினேன். மறு வாரம் சாமுவேல் கண் திறந்தான்.

கல்லைக் கும்பிட்டவர்களுக்கு நரகம் என்றுதான் கோவிலில் கேட்டிருந்தேன். உலகம் அழியப் போகிறதென்றால் அம்மாவின் கதி என்ன? இந்த ஒரு கேள்விதான் எனக்கு. எரிகொள்ளி விழுந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, எஸ்தர் அக்காவும் நானும் வாய்க்காலில் துணி துவைக்கப் போனோம். நான் சேலையை அலசாமல் தண்ணீரைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தேன். அவள் சோப்புக் கையோடு என் முகத்தைத் திருப்பி, "என்னட்டி?" என்றாள். நான் சொல்லவில்லை. தன் பாவங்களை அவளே எனக்குச் சொன்னாள்: வீட்டுக்கு எழுதின கடிதத்தில் பொய் எழுதியதை, பரணில் இருந்த கருப்பட்டியைத் திருடித் தின்றதை. "நான் எல்லாத்தையும் கொட்டிட்டேன். நீயும் சொல்லிரு. கர்த்தருக்கும் நமக்குந்தான். மூணாவது காதுக்குப் போவாது" என்றாள்.

சொல்லிவிட்டேன். மண் பொம்மை, மஞ்சள், உச்சிப் பொழுது, எல்லாவற்றையும். அவள் கையிலிருந்த துணியைக் கல்லில் வைத்தாள். பிறகு என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

உலகம் அழியவில்லை. ஒரு வாரம் கழிந்தது. கிழவி வயல் வயலாகப் போய் ஆடுகளைத் தேடிப் பிடித்துக் கட்டினாள். அண்ணனும் தம்பியும் மறுபடி வரப்பில் நின்று ஏசிக்கொண்டார்கள். அப்பா பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் பூமியும் வானமும் வரைந்து எரிகொள்ளி எப்படி விழுகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். நான் எல்லாவற்றையும் மறந்து விளையாடினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகரின் வில்வண்டி வந்தது. போதகரை எங்கள் பக்கத்தில் "ஐயர்" என்பார்கள். சுற்று வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் அவர் ஒருவரே. சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர் அல்லர். ஆராதனை முடிந்தபின் ஜனங்களை உட்காரச் சொன்னார். அம்மாவைப் பெயர் சொல்லி எழுப்பினார். தம்பியை என் மடியில் இறக்கிவிட்டு அம்மா எழுந்து முன்னால் போனாள். கல்லுக்குப் பொம்மை வைத்தது உண்டா என்று அவர் கேட்டார். அப்பா பதறி எழுந்து, "ஐயா, யாரோ வேண்டாதவங்க சொன்னது. இல்லைன்னு சொல்லு, மரியாள். இல்லைன்னு சொல்லு" என்றார். அம்மா வாய் திறக்குமுன் போதகர், "வேண்டாதவங்க சொல்லலை. உங்க மகளே சொல்லியிருக்கா" என்றார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எஸ்தர் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அம்மா 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். சின்னப் பிள்ளை உளறிற்று, பயத்தில் கனவு கண்டது என்று நான்கு பேர் சொல்லியிருப்பார்கள். அப்பாவின் வேலை தப்பியிருக்கும். எனக்குப் பொய்க்காரி என்று பெயர் வந்திருக்கும், அவ்வளவுதான்.

"பிள்ளை சொன்னது நெசந்தான்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு அம்மாவுக்குக் கோவிலில் அப்பமும் ரசமும் பெறுகிற இராப்போஜனம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. வீட்டையே அடக்கத் தெரியாதவர் சபையை எப்படி நடத்துவார் என்று அப்பாவின் வேலையும் போயிற்று. அன்று மாலை அப்பா சாப்பிடவில்லை. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று ஒரே வாக்கியத்தை விட்டு விட்டுக் கேட்டார். கடைசியில் அம்மா, "சொன்னா விட்டிருப்பியளா?" என்றாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். அதன்பின் அவர் அம்மாவோடு பேசுகிற குரலே மாறிவிட்டது. மரியாதை குறையவில்லை, என்னமோ வெளியாளோடு பேசுகிற மரியாதையாக அது ஆயிற்று. கடைசிவரை அப்படித்தான் இருந்தது.

எஸ்தர் அக்கா அன்றைக்கே தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்து வாசலில் அவளை மறித்துக் கேட்டேன்: "மூணாவது காதுக்குப் போவாதுன்னியே."

"ஒங்க அம்மா ஆத்துமாவுக்காகத்தான் சொன்னேன், கண்ணு. லோகம் அழியப் போற நேரத்துல எப்படி மறைக்க?"

"லோகம் அழியலையே அக்கா."

அவள் என் தலையைத் தடவ வந்தாள். நான் விலகிக்கொண்டேன். அன்றுவரை நான் யாரிடமிருந்தும் அப்படி விலகியதில்லை.

பங்குனியில் வீட்டைக் காலி செய்து தூத்துக்குடிக்குப் போனோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளுக்கு முத்திரை போடுகிற வேலை கிடைத்தது. வண்டி நகரும்போது எஸ்தர் அக்கா தெருமுனையில் நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாதான், "பைய போயிட்டு வாரோம்மா" என்று அவளிடம் சொன்னாள். அந்த வருஷக் கடைசியில் அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை அப்பாவின் இடத்துக்கு வாத்தியாராக வந்ததும், அவர்கள் அதே ஓட்டு வீட்டில் குடியேறியதும் பிறகு காதில் விழுந்தது. பயத்தில் சொன்னாளா, இதை நினைத்துச் சொன்னாளா என்று அப்பா ஒருபோதும் ஆராயவில்லை. நான் இத்தனை வருஷமும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன், முடிவுக்கு வந்தபாடில்லை. அம்மா இதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்னும் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்காக நானும் தம்பியும் அந்த ஊருக்குப் போக நேர்ந்தது. அவனுக்குத் தலை நரைத்துவிட்டது; முகத்துத் தழும்புகள் மட்டும் அப்படியே. ஓட்டு வீடு இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்துக்கு மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. கோவிலை இடித்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். வயலின் குறுக்கே சாலை போட்டபோது வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். கல் எங்கே போயிற்று என்று சொல்ல ஆள் இல்லை. அப்பா, அம்மா, போதகர், எஸ்தர் அக்கா, எல்லாரும் போய்விட்டார்கள். அப்பாவுக்கும் மிஷனுக்கும் ஏதோ மனத்தாங்கல், அதனால் ஊரை விட்டோம் என்றுதான் தம்பி ஐம்பது வருஷமாக நம்பியிருந்தான். சாலையோரத்தில் நின்று நடந்ததை அவனுக்கு முதல் முறையாகச் சொன்னேன். அவன் வெகுநேரம் கன்னத்துத் தழும்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்த டீச்சரை நான் பாத்திருக்கேனா?" என்றான்.

"பாத்திருக்க. அம்மை எறங்கி நீ கண்ணு முழிச்ச அன்னைக்கு, ஒன்னை இடுப்புல வச்சு மொதக் கவளம் சோறு ஊட்டுனது அவதான்" என்றேன்.