ஜாஸ்லின் பார்க்கிற வேலை

குருசுக்குப்பம் பக்கம் இருந்த ஒரு விருந்தினர் இல்லத்தில் வரவேற்பு மேஜையில் இருந்தவள் ஜாஸ்லின். கல்லூரியில் படித்தது வரலாறு. சாவி கொடுப்பாள், பாஸ்போர்ட்டை நகலெடுப்பாள், ஆட்டோ பேசிவிடுவாள், தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நாள் முழுக்கப் பேசுவாள். அம்மா இறந்த பிறகு உப்பளம் பகுதியிலிருந்த வீட்டில் அவள் மட்டும்தான். அண்ணன் கிளாட்வின் குடும்பத்தோடு பிரான்சில் இருந்தான். வீட்டில் பேச ஆளில்லாதது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. பேச்சையெல்லாம் மேஜையிலேயே தீர்த்துவிட்டுத்தான் வருவாள்.

ஒரு டிசம்பரில், நாசிக்கிலிருந்து ஒரு குடும்பம் பெட்டிகளோடு வந்து நின்றது. முன்பணம் கட்டியாயிற்று என்று போனைக் காட்டினார்கள். இல்லத்தின் மெயிலிலிருந்தே போயிருந்த கடிதம். ஆனால் ஜாஸ்லின் அதை எழுதவில்லை. அதில் கொடுத்திருந்த கணக்கில் கட்டிய பணம் எவனுக்கோ போயிருந்தது. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் அக்கம்பக்கத்தில் எங்கும் அறை கிடைக்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி அருளானந்தம் போலீசில் எழுதிக் கொடுத்தார், பாஸ்வேர்டை மாற்றினார், அத்தோடு விட்டுவிட்டார்.

"நம்ம மெயிலுக்குள்ள எப்படி சார் பூந்தான்?"

"இன்னாமோ ஹேக்கிங்காம். நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

ஜாஸ்லினால் விட முடியவில்லை. அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கடைசியில் ஆங்கிலத்தில் 'பத்திரமாக வந்து சேருங்கள்' என்று இருந்தது. அவள் எப்போதும் எழுதுகிற வரி. மெயிலுக்குள் புகுந்தவன் அவசரப்படாமல் உள்ளேயே இருந்து, அவள் எழுதியதையெல்லாம் படித்து, அவளைப் போலவே எழுதப் பழகியிருக்கிறான். அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் படிக்க ஆரம்பித்தாள்.

மறுவருடம் இல்லம் கைமாறியது, அவள் வேலையும் போயிற்று. வேறு ஓட்டலில் கூப்பிட்டார்கள், போகவில்லை. இணையத்தில் சைபர் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள். போர்ட் என்றால் அவளுக்குத் தெரிந்தது வீட்டுக்குப் பக்கத்துப் பழைய துறைமுகம்தான். கம்ப்யூட்டருக்குள்ளும் வாசல் வாசலாகப் போர்ட் உண்டு என்பது விளங்கவே நாளாயிற்று. புரியாததை வகுப்பில் கேட்கக் கூச்சம். வீட்டில் கேட்க யாருமில்லை.

"உனக்கு இன்னாத்துக்கு இந்த வயசுல இது? பேசாம இங்க வந்துடு" என்றான் கிளாட்வின் போனில்.

"வரட்டா?" என்றாள். அவன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

நேர்காணல்களில் வரலாற்றுப் பட்டம் என்றதுமே பேச்சு சுருங்கிவிடும். சென்னைக் கம்பெனி ஒன்றில் ஹேமலதா என்ற குழுத்தலைவி மட்டும் பணம் அனுப்பச் சொல்கிற ஒரு மெயிலைத் திரையில் காட்டி, இது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"அனுப்புனதா போட்டுருக்கிற ஆளுக்கு மொதல்ல போன் பண்ணுவேன், மேடம்."

வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

ஊர் ஊராக இருக்கிற அலுவலகங்களின் மெயில், கம்ப்யூட்டர் கணக்குகளில் ஏதாவது விபரீதமாகத் தெரிந்தால் அவள் திரையில் எச்சரிக்கை வரும். பார்க்க வேண்டும், ஆராய வேண்டும், எழுதி மூட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஹேமலதா சொல்வதும் எழுத்தில்தான் வரும். சாயங்காலம் கடையில் பால் கேட்க வாயைத் திறந்தால் குரல் கம்மியிருக்கும்.

ஞாயிறன்று கோயிலில் பூசை முடிந்து, பக்கத்து வீட்டு பெர்னதெத் அக்கா விசாரித்தாள்.

"இப்ப இன்னா வேலம்மா?"

"கம்ப்யூட்டர் வேலைக்கா."

"ரிப்பேரா?"

"ஆமாக்கா, அந்த மாதிரிதான்."

ஒரு நாள், ஒரு மருத்துவமனையின் கணக்கர் தெய்வசிகாமணியின் மெயிலை வெளிநாட்டிலிருந்து யாரோ திறந்திருப்பது தெரிந்தது. போன் செய்தாள். ஓய்வு பெறப் போகிற வயது அவருக்கு. வந்த லிங்க்கை அழுத்தியது அவர்தான்.

"வெளிய தெரியுமாம்மா? இத்தன வருஷ சர்வீஸ்ல ஒரு கெட்ட பேர் எடுத்ததில்ல."

"எழுதித்தான் சார் ஆகணும். ஆனா உங்கள ஏமாத்திட்டாங்கன்னுதான் எழுதுவேன். மொதல்ல பாஸ்வேர்ட மாத்திடலாம். நான் லைன்லயே இருக்கேன்."

அவர் இரண்டு முறை தப்பாக அடித்தார். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். நடுவே ஊரைக் கேட்டார், சாப்பிட்டாயா என்று கேட்டார். எல்லாம் சரியான பிறகும் இருவரும் உடனே போனை வைக்கவில்லை. எதுவும் திருடு போகவில்லை.

சில நாட்கள் கழித்து ஹேமலதாவிடமிருந்து ஒரு வரி வந்தது: 'அந்தக் கணக்கர் உங்களோடு பேச வேண்டும் என்று அழைத்தார். பிரச்சினை முடிந்த பிறகு நேரடியாகப் பேச விதி இல்லை. நன்றி சொன்னார்.' ஜாஸ்லின் அதற்கு ஒரு கட்டைவிரல் குறியைப் போட்டுவிட்டு அடுத்த எச்சரிக்கையைத் திறந்தாள்.

வேலை நிரந்தரமாயிற்று. அவளுக்கு அது பிடித்தும் இருக்கிறது. மதியம் மட்டும் இப்போது வீட்டில் சமைப்பதில்லை. தெருமுனை மெஸ்ஸில் போய் உட்காருகிறாள். பரிமாறுகிற செல்வாம்பாள், "மீன் கொழம்பா, சாம்பாராம்மா?" என்று கேட்பாள். ஜாஸ்லின் உடனே பதில் சொல்வதில்லை. என்ன மீன் என்று கேட்பாள், இன்றைக்குப் படகு போனதா என்று கேட்பாள். கூட்டமில்லாத நாளென்றால் செல்வாம்பாள் நின்று பதில் சொல்வாள்.