தம்பிக்கு மிளகு பிடிக்கும்

வாயாடிக்கு வாய் அடைத்துப்போவதைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அந்த வாரம் அந்தக் குழந்தைகள் காப்பகத்துக்கு வந்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு தாய், தன் ஒரு வயதுப் பிள்ளைக்காக அந்த வேலையை விடப்போகிறாள் என்று செய்தி வந்தது. எல்லாம் அவள் வீட்டில் செய்து அனுப்பும் தின்பண்டத்தால் வந்த வினை. தினமும் டப்பா காலியாகத் திரும்பிப் போனது. பிள்ளை ஒரு துணுக்கு விடாமல் தின்கிறான் என்று அவள் நம்பினாள். அவன் ஒரு துணுக்கும் தின்றதில்லை என்று சொல்ல வேண்டிய ஆள் ஒருத்திதான். அவள் எந்த வாயால் சொல்வாள்? தின்றதே அந்த வாய்தானே.

ஜட்ஜம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தது கூட வேலை செய்யும் சின்ன ஆயா. காலையில் காப்பகத்து இரும்புக் கேட்டருகே நின்று பிள்ளைகளை வாங்கிக்கொள்வது ஜட்ஜம்மாவின் பொறுப்பு. பிள்ளையை வாங்கும் கையோடு தீர்ப்பையும் சொல்லிவிடுவாள். தாய் கொஞ்சம் பளிச்சென்று உடுத்தி வந்தால், "மூஞ்சிக்கு மாவு பூச நேரம் இருக்கு, பிள்ளை மூக்கைத் துடைக்க நேரமில்லை." தகப்பன் கொண்டுவந்து விட்டால், "பொண்டாட்டி இன்னும் எந்திரிக்கல போல." இரண்டு பேரும் சேர்ந்து வந்தால், "ஒரு பிள்ளையைத் தூக்க ரெண்டு ஆள்." ஆக, எப்படி வந்தாலும் குற்றவாளிதான். சின்ன ஆயா கஞ்சி கலக்கினால் கட்டி, அவள் துணி மடித்தால் கோணல். ஊரில் யார் எதைச் செய்தாலும் நொட்டை சொல்வதற்கென்றே பிறந்தவள். தான் செய்ததில் மட்டும் இதுவரை ஒரு குறையும் கண்டதில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இரவில் நல்ல தூக்கம் வருகிறது.

அந்த இன்சூரன்ஸ்காரியின் பிள்ளைக்கு மொட்டை என்று செல்லப்பெயர். தலையில் முடியே முளைக்காமல் உப்பின கன்னத்தோடு இருப்பான். மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல். முதல் நாள் தாய் அவனை ஒப்படைத்துவிட்டு மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை நீட்டினாள்.

"அக்கா, சர்க்கரைவள்ளிக்கிழங்கை விரல் மாதிரி நறுக்கி ஏர் ஃப்ரையர்ல வச்சு எடுத்தது. எண்ணெய் ஒரு சொட்டுதான். உப்பு இல்ல, சர்க்கரை இல்ல. கையில குடுத்தா தானாவே பிடிச்சுக் கடிப்பான்."

"கடிப்பான்மா," என்றாள் ஜட்ஜம்மா. தாய் தெருமுனை தாண்டியதும் சின்ன ஆயாவிடம் திரும்பி, "எதை வச்சுக் கடிப்பான்? நாலு பல்லுக்கு விருந்து அனுப்பியிருக்கா பாரு. காத்துல வறுத்தாளாம். காத்தையே குடுத்துவிட்டிருக்கலாம்," என்றாள். அன்றிலிருந்து அந்தத் தாய்க்கு 'ஏர் ஃப்ரையர்' என்றே பெயர்.

அந்தக் காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து வரும் டப்பா காலியாக, கழுவித்தான் திரும்பிப் போக வேண்டும். மிச்சத்தோடு டப்பா போனால் தாய்க்கு மனம் நோகும், மனம் நொந்த தாய் வேறு காப்பகம் தேடுவாள் என்பது நடத்துகிற அம்மாளின் சித்தாந்தம். அதனால் பிள்ளைகள் தின்னாததையெல்லாம் ஆயாக்கள் குப்பை வாளியில் தட்டிவிட்டு, சாயங்காலம் கேட்டில் நின்று "சாப்பிட்டாச்சு" என்பார்கள். தாய்மாரும் சந்தோஷமாகப் போவார்கள். எல்லாருக்கும் வசதியான பொய்.

மொட்டை அந்தக் கிழங்கு விரலை வாங்கினான், சப்பினான், முகத்தைச் சுளித்தான், எறிந்தான். இரண்டாவதையும் எறிந்தான். மூன்றாவது ஜட்ஜம்மாவின் மடியில் வந்து விழுந்தது. குப்பை வாளி எட்ட இருந்தது, வாய் கிட்ட இருந்தது.

இங்கே அவள் வீட்டு நிலவரத்தைச் சொல்லாமல் முடியாது. அவள் புருஷன் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். பல்லெல்லாம் போய்விட்டது. கட்டிய பல்செட் ஈறைக் கடிக்கிறது என்று டம்ளர் தண்ணீரில் போட்டுவைத்துவிட்டார். அதனால் வீட்டில் எல்லாமே குழையக் குழையத்தான். சோறு குழைவு, காய் குழைவு, ரொட்டிகூடப் பாலில் ஊறித்தான் தட்டுக்கு வரும். ஜட்ஜம்மாவின் மதிய டப்பாவிலும் அதே குழைந்த சோறும் கேரட்டும்தான். வாயில் நொறுங்குகிற சத்தம் கேட்டு அவளுக்கு வருஷக்கணக்காகிவிட்டது. அப்படிப்பட்டவளின் பல்லில், ஓரம் சிவந்து முறுகிய கிழங்கு ஒன்று நறுக்கென்று உடைந்தால் என்ன ஆகும்? டப்பாவில் இருந்த அத்தனையும் போயிற்று.

பிள்ளைக்குப் பசிக்காதா? பசித்தது. கத்தினான். அவள் தன் சோற்றில் இரண்டு கவளத்தை விரலால் மசித்து ஊட்டினாள். மொட்டை ஆவ் ஆவென்று வாங்கினான். அன்றோடு ஒப்பந்தம் முடிவாயிற்று: அவன் சோறு அவளுக்கு, அவள் சோறு அவனுக்கு. சின்ன ஆயா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஜட்ஜம்மாவிடம் யார் வாய் கொடுப்பது என்று சும்மா இருந்தாள்.

சாயங்காலம் தாய் மூச்சிரைக்க வந்து, "சாப்பிட்டானாக்கா?" என்று கேட்டாள்.

"வழிச்சு நக்கிட்டான்."

"நிஜமாவா? தானா எடுத்தானா, நீங்க ஊட்டினீங்களா?"

"நான் நீட்டினா போதும் மேடம், வாயைத் திறந்துடுவான்," என்றாள் ஜட்ஜம்மா. நாக்குக்கு ஏது எலும்பு?

அத்தோடு விட்டிருந்தால் ஏதோ போகட்டும் என்று இந்தக் கதையை நாமும் விட்டிருக்கலாம். திருடினவளுக்குக் கூச்சம் போய், பிறகு வக்கணை வந்தது. ஒரு வாரம் ஆனதும், "கொஞ்சம் மெத்துன்னு இருக்கு மேடம். இன்னும் மொறுமொறுன்னு இருந்தா தம்பி விரும்புவான்," என்றாள். தாய் அப்படியே சூட்டைக் கூட்டி, மெல்லிசாக நறுக்கி அனுப்பினாள். பீட்ரூட் வந்தது, காலிஃப்ளவர் வந்தது, ஓட்ஸில் வாழைப்பழம் பிசைந்து தட்டின பிஸ்கட் வந்தது. "இனிப்பு அவ்வளவா பிடிக்கல. தம்பிக்கு மிளகு பிடிக்கும் போல. லேசாத் தூவிப் பாருங்க." மிளகு வந்தது. "இன்னும் கொஞ்சம் போடலாம்." இன்னும் கொஞ்சம் வந்தது. பிள்ளை பெயரைச் சொல்லித் தனக்குச் சமைக்கச் சொல்கிற ஆயாவை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். டப்பாவைக் கவிழ்த்துத் தூளைக்கூட விரலில் ஒற்றி நக்கிக்கொண்டே, "பொழுது போகாம காயை நோண்டிக்கிட்டு இருக்கா. இவளுக்கெல்லாம் ஒரு ஆபீஸ் வேலை," என்று அந்தத் தாயைப் பழிக்கவும் செய்தாள். தின்பது அவள் பண்டம், திட்டுவதும் அவளை. வாய் ஒன்றுதானே, இரண்டுக்கும் அதுதான் உதவியது.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியாமல் இருந்தது. பிள்ளை தின்றுவிட்டான் என்று கேட்கும்போது அந்தத் தாயின் முகம் முதலில் மலரும், பிறகு ஒரு மாதிரி வாடும். "திமிரு," என்று அதற்கும் தீர்ப்புச் சொன்னாள்.

அப்போதுதான் வேலையை விடும் செய்தி வந்தது. சின்ன ஆயாதான் கொண்டுவந்தாள். "அக்கா, அந்த மேடம் வேலைய விடறாங்களாம். காப்பகத்துப் பெரியம்மாகிட்டச் சொல்லிட்டாங்க. நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கிறாங்களாம். வீட்லயே இந்தத் தின்பண்டத்தைச் செஞ்சு விக்கப்போறாங்கன்னு பேசிக்கிறாங்க." சொல்லிவிட்டு ஜட்ஜம்மாவின் வாயையே பார்த்தாள். அந்த வாய் அப்போது காலிஃப்ளவர் மென்றுகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் புருஷனுக்குப் போன் போட்டாள். மனசு கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தினால்தான் அவருக்குப் போன் வரும்.

"நீ தின்னதைச் சொல்லிடு," என்றார் அவர், பல்லில்லாத வாயால் கொழகொழவென்று.

"சொன்னா என் வேலை போயிடும்."

"சொல்லாட்டி அவ வேலை போகுதே."

"படிச்சவதானே? தன் பிள்ளை எதைத் திங்கும்னு தெரியாதா அவளுக்கு? வீட்ல ஒரு வாய் குடுத்துப் பார்த்தாத் தெரியாதா?"

"அதை அவகிட்டயே கேளு," என்று போனை வைத்துவிட்டார்.

கேட்டாள். தன்மையாகக் கேட்கவும் அவளுக்குத் தெரியாது, குத்தலாகத்தான் கேட்டாள். சாயங்காலம் குழந்தைகள் அறையில் பாதி விளக்கை அணைத்தாயிற்று. பாயெல்லாம் சுருட்டிச் சுவரோரம் சாத்தியிருந்தது. தாய் தரையில் உட்கார்ந்து மொட்டையின் காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கடை போடப்போறீங்களாமே மேடம். கிழங்கு விக்கிறதுக்கா ஆபீஸ் வேலையை விடறீங்க?"

"கடையா?" தாய் நிமிர்ந்தாள். "யாருக்கா சொன்னா?"

"எல்லாரும்தான் பேசிக்கிறாங்க."

அவள் சாக்ஸைப் பாதியில் விட்டாள். "இவன் வீட்ல ஒண்ணும் சாப்பிடறதில்லக்கா. அதே கிழங்கு, அதே மிளகு. உங்ககிட்ட டப்பா டப்பாவாத் திங்கிறான். நான் குடுத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறான், துப்புறான். நேத்து என் கையைத் தட்டிவிட்டான். பண்டத்துல குறையில்ல, அப்ப என் கையிலதானே குறை? காலையில விட்டுட்டுப் போறேன், இருட்டினப்புறம் தூக்கிட்டுப் போறேன். நான் யாருன்னு இவனுக்கு எப்படித் தெரியும்? அதான் வேலைய விட்டுட்டு வீட்டோட இருக்கலாம்னு. இவங்கப்பாகிட்டக்கூடக் காரணத்தைச் சொல்லல. பெத்த பிள்ளைக்கு என்னைப் பிடிக்கலைன்னு எப்படிச் சொல்றது?" பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.

ஜட்ஜம்மாவுக்கு முதல் தடவையாகச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தெரியாது என்று நழுவியிருக்கலாம். நாளைக்கு அந்தத் தாய் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டால் பிள்ளையும் வராது, டப்பாவும் வராது, பேச்சும் அடங்கிவிடும். நழுவத்தான் நினைத்தாள். அந்தப் பெண் அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு மறு காலுக்குச் சாக்ஸ் தேடினாள் பாருங்கள், அதைப் பார்த்துக்கொண்டு நழுவ முடியவில்லை.

"அவன் சாப்பிடல மேடம்."

"எதை?"

"நீங்க அனுப்பினதை. ஒரு நாளும் சாப்பிடல. எல்லாத்தையும் நான்தான் தின்னேன்."

தாய் அவளையே பார்த்தாள். "அப்ப இவன் என்ன சாப்பிட்டான்?"

"என் சோறு. வீட்டுக்காரருக்குப் பல்லு கிடையாது, குழையத்தான் வடிக்கிறது. அதை மசிச்சுக் குடுத்தா வாங்கிக்குவான். யார் குடுத்தாலும் வாங்குவான். நீங்க குடுத்தாலும் வாங்குவான்."

"என் கையை வேண்டாம்னு சொல்லலையா இவன்?"

"கையில என்ன மேடம் இருக்கு? அவனால அதைக் கடிக்க முடியல."

அந்தப் பெண் சிரித்தாள், உடனே அழுதாள், பிள்ளையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிறகு எட்டி ஜட்ஜம்மாவின் கையைப் பிடித்தாள். "உங்க சாப்பாட்டை இவனுக்குக் குடுத்துட்டு நீங்க இதைத் தின்னு பசியாறினீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நான் உங்களுக்குத் தனியாக் குடுத்துவிட்டிருப்பேனே. பெத்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

பார்த்தீர்களா அதிர்ஷ்டத்தை. திருடி மாட்டினவளைத் தியாகியாக்கிவிட்டாள் அந்தப் பைத்தியக்காரி. ஜட்ஜம்மாவும் மறுக்கவில்லை. கையை அவள் கையிலேயே விட்டுவைத்து, தலையை லேசாகச் சாய்த்து, தியாகி முகத்தையும் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் எழுதிக் குடுக்கலக்கா," என்றாள் தாய். "இன்னைக்கே சோறு குழைய வடிச்சு, காய் மசிச்சு என் கையால ஊட்டறேன். அவனுக்குப் பிடிச்ச மிளகையும் கொஞ்சம் தூவிட்டா..."

"மிளகு வேண்டாம்," என்றாள் ஜட்ஜம்மா.

"ஏன்க்கா? தம்பிக்குப் பிடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

மொட்டை சாக்ஸின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தான். ஜட்ஜம்மா அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குப் பிடிக்கும்."

"மொறுமொறுன்னு கேட்டது?"

"அதுவும் எனக்குத்தான்."

தாய் தன் கையை எடுத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஜட்ஜம்மா பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அதில் அவளை ஜெயிக்க ஆளில்லை.

"ராத்திரியெல்லாம் நாக்கை வெளிய நீட்டி அழுவான்க்கா," என்றாள் தாய், மெதுவாக. "உங்ககிட்டத் திங்கிறவன் என்கிட்ட ஏன் திங்க மாட்டேங்கிறான்னு, நான் மறுபடி மறுபடி வாயில வச்சேன்."

மறு சாக்ஸைத் தேடாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஜட்ஜம்மா அறையைப் பூட்ட மறந்தாள். பிறகு சின்ன ஆயா வந்து பூட்டினாள்.

மறுநாள் காலையில் தாய் ஆபீஸ் உடையில் வந்தாள். நடத்துகிற அம்மாளிடம் எதையும் சொல்லவில்லை. நேராகக் கேட்டுக்கு வந்து, நீண்டிருந்த ஜட்ஜம்மாவின் கைகளைத் தாண்டி, பிள்ளையையும் பையையும் சின்ன ஆயாவிடம் கொடுத்தாள். "குழைச்ச சோறு வச்சிருக்கேன். நேத்து என் கையால நல்லாச் சாப்பிட்டான். இவன் மிச்சம் வச்சா மிச்சத்தோடவே டப்பாவைக் குடுங்க," என்றாள். மொட்டை சின்ன ஆயாவின் இடுப்பிலிருந்து ஜட்ஜம்மாவின் பக்கம் சாய்ந்து, இரண்டு கையையும் நீட்டி வாயைத் திறந்தான். தாய் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போனாள்.