அப்பாவின் கத்தியை யாரும் தொடவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரை அப்பா ஒருமுறையாவது சந்தேகப்பட்டிருப்பார். அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்து தோள் கொடுத்தீர்கள். இன்று முதலாண்டு நினைவு நாளுக்கும் வந்திருக்கிறீர்கள். அவருடைய மகளாக உங்கள் அனைவரையும் வணங்கி இதை எழுதுகிறேன்.

அப்பா சிங்கப்பூரின் வடகோடியில் செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். தாத்தா அங்கே கப்பல்களுக்குச் சாயம் பூசும் வேலை பார்த்தார். அப்பாவுக்கு மீசை முளைக்கும் முன்பே தாத்தா காலமாகிவிட்டார். படிப்பை நிறுத்திவிட்டு அப்பா அதே வட்டாரத்தில் ஒரு கப்பல் பட்டறையில் சேர்ந்தார். கயிறும் இரும்பு வடமும் கட்டும் பிரிவில் வேலை. தங்கையைப் படிக்க வைத்து, ஆசிரியையாக்கி, தஞ்சோங் பகாரில் மணம் முடித்துக் கொடுத்த பிறகுதான் தம் திருமணத்தைப் பற்றி யோசித்தார். அந்தத் தங்கைதான் நம் எல்லாருக்கும் தெரிந்த என் அத்தை.

பட்டறையில் ஒருநாள் நனைந்த கயிறு ஒன்று அப்பாவின் இடக்கையைச் சுற்றி இறுக்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் சட்டென்று தம் கத்தியை உருவி கயிற்றில் இழுத்தார். முகம் பார்க்கும் அளவுக்கு மினுக்கி வைத்திருந்த கத்தி அது. கயிற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போனதே தவிர அறுக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்ற இன்னொருவர் ஓடிவந்து தம்முடைய சொரசொரப்பான கத்தியால் இரண்டே இழுப்பில் அறுத்தார். கை தப்பியது. மோதிர விரலும் சுண்டு விரலும் அதன்பிறகு மடங்கவே இல்லை.

அன்றிலிருந்து மின்னும் கத்தியை அப்பா நம்பியதில்லை. "கத்தின்னா பல்லு இருக்கணும் பாப்பா. வச்சதும் கடிக்கணும். வழுக்குற கத்தி இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்பார். முரட்டுக் கல்லில் தீட்டிய கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ரம்பப் பற்கள் நிற்கும். தக்காளித் தோல், மிளகாய், கயிறு எல்லாவற்றையும் அவை பிடித்துக்கொள்ளும். அதையே மென்மையான கற்களில் மேலும் மேலும் தேய்த்தால் பற்கள் மறைந்து வாய் கண்ணாடிபோல மழமழவென்று ஆகிவிடும். அதுவும் கூர்தான். ஆனால் அப்பாவைப் பொறுத்தவரை அது ஏமாற்றுக் கூர்.

கத்தியில் தொடங்கியது மற்றதற்கும் பரவியதோ, பிறவிக் குணமோ, எனக்குத் தெரியாது. பால் பொட்டலத்தில் அச்சிட்ட தேதியை அவர் நம்பமாட்டார், முகர்ந்து பார்ப்பார். தேக்காச் சந்தையில் மீன்காரர் மீனை உள்ளே எடுத்துப்போய் வெட்டினால், "இங்கயே வெட்டுங்க தம்பி, நான் பார்க்கணும்" என்பார். யாரையாவது சந்தேகப்பட்டால் அவரிடம் கோபப்படமாட்டார். மரியாதை கூடிவிடும். "வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா?" என்று அப்பா அளவுக்கு மீறி உபசரித்தால் எதிரில் இருப்பவர் மாட்டிக்கொண்டார் என்று அம்மா சிரிப்பார்.

அந்தக் குணம் ஒருவரைக் காப்பாற்றியும் இருக்கிறது. எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டில் தனியாக வசிக்கும் சீனப் பாட்டியிடம் போலீஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு யாரோ தொலைபேசியில் மிரட்டியபோது, அழுதுகொண்டு வெளியே வந்த அவரிடமிருந்து அப்பா கைப்பேசியை வாங்கினார். "ஐயா, நீங்க எந்த ஸ்டேஷன்? நான் டாக்சி எடுத்து நேர்லயே வந்துடறேன், ரெண்டு கோப்பியும் வாங்கிட்டு வரவா?" என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். மறுமுனை துண்டித்துக்கொண்டது.

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலர் காதில் பாதியாக விழுந்த கதை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

அம்மா மறைந்த பிறகு அப்பா எங்கள் சிராங்கூன் வீட்டுக்கு வந்தார். உடைகளோடு ஒரு கத்தியையும் தீட்டுக்கல்லையும் கொண்டுவந்தார். மகளின் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவருக்கு மனமில்லை. மதியச் சமையலைத் தாமே ஏற்றுக்கொண்டார். என் கணவர் சரவணன் விமான நிலையத்தில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவர். கொவிட் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது கத்தி தீட்டும் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. வழவழப்பான கற்கள், தோல் வார், மெருகுப் பசை என்று ஓர் அலமாரித் தட்டே நிறைந்துவிட்டது. மாமனாரை மகிழ்விக்க நினைத்து, கேட்காமலே அவருடைய கத்தியை எடுத்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேய்த்து மினுக்கி வைத்தார். மறுநாள் அது தக்காளியின் மேல் வழுக்கி அப்பாவின் கட்டைவிரலை வெட்டியது.

"மன்னிச்சுக்குங்க மாமா. இனிமே தொடவே மாட்டேன்" என்றார் கணவர்.

"அதனால என்ன மாப்பிள்ளை, பரவாயில்ல, பரவாயில்ல" என்றார் அப்பா, மிகுந்த மரியாதையுடன்.

அப்பா மறுபடி தம் கல்லில் தீட்டிப் பல் வரவைத்துக்கொண்டார். சில மாதங்கள் அமைதியாகக் கழிந்தன. பிறகு ஒருநாள் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். தக்காளியின் மேல் கத்தியை வைத்து இழுத்துக் காட்டினார். வழுக்கியது. அதே கத்தியை முன்கையில் வைத்தார். முடி உதிர்ந்தது.

"பாரு. மழுங்கியிருந்தா நானே ஒத்துக்குவேன். மழுங்கல. முடி எடுக்குது, தக்காளியத் தொட மாட்டேங்குது. இது மழமழப்பு. யாரோ கை வச்சிருக்காங்க லா."

"நீங்கதானேப்பா நேத்து தீட்டுனீங்க?"

"நான் தீட்டுனதுக்கு அப்புறம் யாரு தீட்டுனதுன்னு கேக்குறேன்."

என் கணவர் தொடவில்லை என்றார். அப்பா தலையாட்டிக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் மாப்பிள்ளையின் தட்டில் மூன்றாவது முறையும் கறி வைத்தார்.

அதன்பிறகு வீடு வேறு மாதிரி ஆனது. அப்பா தீட்டுவார், தக்காளியில் வழுக்கும், எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். கணவர் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனால் அப்பாவும் எழுந்து போவார். கத்தி அவருடைய அறைக்கு இடம் மாறியது. நானும் ஒருநாள் கணவரின் கற்கள் ஈரமாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தேன். தூசி படிந்து காய்ந்துதான் கிடந்தன. அப்பாவிடம் சொன்னேன்.

"துடைச்சு வச்சிருப்பாரு" என்றார்.

"அவருக்கு எதுக்குப்பா இந்த வேலை?"

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரு வீட்டு அடுப்படியில நான் நிக்கிறது அவருக்குப் பிடிக்கல. நல்ல பிள்ளை, வாயத் திறந்து சொல்ல முடியல. கத்தி மூலமா சொல்றாரு" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

அதையே அவர் சிராங்கூன் சாலையில் ஒரு திருமண விருந்தில் உறவினர் சிலரிடமும் சொல்லிவிட்டார். அத்தை வீட்டிலும் சொன்னார். செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது, மருமகன் மாமனாரை வீட்டைவிட்டு அனுப்பப் பார்க்கிறார் என்று வளர்ந்திருந்தது. அத்தை என்னைத் தனியாக அழைத்து, "அண்ணனுக்கு ஞாபகம் தடுமாறுதோ? இல்ல, உன் வீட்டுக்காரர் மேலதான் ஏதாச்சும் இருக்கா? உண்மையச் சொல்லு" என்று கேட்டார். கணவர் விருந்துகளுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அப்பா செம்பவாங்கில் வாடகைக்கு ஓர் அறை விசாரிக்கத் தொடங்கினார். நான் நடுவில் நின்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை அப்பா எங்கள் கண்ணெதிரிலேயே கத்தியைத் தீட்டினார். செய்தித்தாளில் சுற்றி, கப்பல் பட்டறையில் கற்ற ஒரு முடிச்சால் கட்டினார். அவிழ்த்தால் மறுபடி அதேபோலப் போட இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அலமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று வெளியே எங்கும் போகவில்லை.

மறுநாள் காலை எங்கள் இருவரையும் சமையலறைக்கு அழைத்தார். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முடிச்சு நான் போட்டதுதான்."

அவிழ்த்தார். தக்காளியை எடுத்து வைத்து இழுத்தார். கத்தி வழுக்கியது.

அப்பா முடிச்சுப் போட்டிருந்த நூலைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், தம் கையைப் பார்த்தார். பிறகு பாத்திரத் தட்டிலிருந்து ஒரு பீங்கான் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தார். அதன் அடியில் மெருகு ஏறாத சொரசொரப்பான வளையம் இருக்குமல்லவா, அதில் கத்தியைக் கரகரவென்று சில தடவை இழுத்தார். மறுபடி தக்காளி. வைத்தவுடன் தோல் பிளந்தது.

"கல்லு" என்றார்.

அறைக்குப் போய்த் தீட்டுக்கல்லை எடுத்துவந்து கட்டைவிரலால் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். சோப்புக் கட்டி போல இருந்தது. பல ஆண்டுகள் ஊற்றிய தேங்காய் எண்ணெயும் இரும்புத் தூளும் அதன் துளைகளில் இறுகி, முரட்டுக் கல்லே மெருகுக் கல்லாக மாறிவிட்டிருந்தது. தீட்டத் தீட்டப் பற்களை எழுப்பாமல் அவையே தேய்ந்து போகும்படி செய்தது அந்தக் கல்தான். அப்பாவின் கத்தியை மினுக்கியது அப்பாவே.

என் கணவர் மெதுவாக, "எல்லாக் கல்லும் இப்படி ஆகும் மாமா. நாள் ஆக ஆகக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்" என்றார்.

அப்பா கல்லைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளை, சட்டைய மாத்துங்க. வெளிய போகணும்" என்றார்.

இருவரும் எம்ஆர்டி ரயில் ஏறித் தஞ்சோங் பகார் போனார்கள். பின்னாலேயே நானும் போனேன். கதவைத் திறந்த அத்தையிடம், உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே அப்பா சொன்னார்:

"நான் இவரப் பத்திச் சொன்னது தப்பு. கல்லு தேஞ்சு போச்சு. இவரு என் கத்தியத் தொடல."

"சரிண்ணே, இதப் போன்ல சொல்லியிருக்கலாமே. இவ்வளவு தூரம் வரணுமா?"

"போன்ல சொன்னா, பேசுறது நான்தான்னு நீ எப்படி நம்புவ?"

அத்தை சிரித்துவிட்டார். என் கணவரும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் அவர் வாய் திறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் மருமகனை அழைத்துக்கொண்டு போனார். "வேணாம் மாமா, விடுங்க" என்று கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நான் நடந்து போய்ச் சொன்ன பேச்சு. நடந்து போய்த்தான் திருப்பி எடுக்கணும்" என்றார் அப்பா. உங்களில் சிலர் அப்போது ஊரில் இல்லை. சிலர் வீடு மாறியிருந்தீர்கள். உங்களுக்காகவே அவர் சொன்ன அதே சொற்களை இங்கே அச்சிட்டிருக்கிறேன்.

அதன்பிறகு இருவரும் சேர்ந்து கல்லைக் கொதிநீரில் ஊறவைத்து, கீழ்த்தளத்துச் சிமென்டுத் திண்டில் மணல் தூவித் தேய்த்துப் புதிதாக்கினார்கள். வாடகை அறைப் பேச்சு நின்றது. கத்தி பற்றிய வாக்குவாதம் மட்டும் நிற்கவில்லை. வஞ்சிரம் மீனைத் துண்டு போட மழமழப்பான கத்திதான் நல்லது, சதை பிய்யாது என்று கணவர் வெட்டிக் காட்டினார். அப்பா துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, மறுபக்கமும் பார்த்து, "மீனுக்கு ஒத்துக்கிறேன். மத்ததுக்கு இல்ல" என்றார். காய்கறிக்கு ஒரு கத்தி, மீனுக்கு ஒரு கத்தி என்று எங்கள் வீட்டில் இன்றும் இரண்டு தொங்குகின்றன.

பிறகு அப்பாவின் இதயம் பலவீனப்பட்டது. மருத்துவமனையில் சில வாரங்கள், மிச்ச நாட்கள் வீட்டில். மாத்திரைகளை உறையோடு காட்டினால்தான் விழுங்குவார். வாரம் தவறாமல் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குப் போய் முகச்சவரம் செய்துகொள்வது அவருடைய வழக்கம். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணை மூடமாட்டாராம். கண்ணாடி வழியே கத்தியையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று அந்த நாவிதர் என்னிடம் சொல்லியிருக்கிறார். படுக்கையில் விழுந்த பிறகு அது முடியாமல் போயிற்று. கடையில் வாங்கிய பிளேடு தோலை இழுத்தது. தாடி வளர்ந்தது. அது அவரை நோயைவிட அதிகமாக வருத்தியது.

ஒரு காலை அவரே கேட்டார். "மாப்பிள்ளை, உங்க மழமழ கத்தி ஒண்ணு இருக்குமே. சவரக் கத்தி."

கணவர் எடுத்துவந்தார். அப்பா வாங்கிச் சன்னல் பக்கம் திருப்பி அதன் வாயைப் பார்த்தார். நகத்தில் வைத்துப் பார்த்தார்.

"பல்லு இல்லையே?"

"இல்ல மாமா. முகத்துக்குப் பல்லு கூடாது."

"கை நடுங்காதே?"

"நடுங்காது மாமா."

அப்பா கத்தியைத் திருப்பிக் கொடுத்து, முகவாயை உயர்த்தி, கண்களை மூடிக்கொண்டார். சவரம் முடிவதற்குள் தூங்கிப்போனார். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அது நடந்தது. கடைசி வரை.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், வீட்டுக்கு வந்து பார்த்த தாதியருக்கும், மாத்திரை உறைகளைப் பொறுமையாகக் காட்டியதற்காகத் தனியாக நன்றி. கஞ்சி வைத்து அனுப்பிய எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கும், தினமும் தஞ்சோங் பகாரிலிருந்து வந்துபோன அத்தைக்கும், சடங்குகளை நடத்திக் கொடுத்த குருக்களுக்கும், வேலையை விட்டுவிட்டு ஓடிவந்த உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி. இறுதிச் சடங்கன்று பெட்டியருகே நின்று பார்த்த பலர் என்னிடம் ஒன்றைக் கேட்டீர்கள்: இவ்வளவு நாள் நோயில் கிடந்தவர் முகம் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது, வெளியாளை வரவழைத்தீர்களா என்று. இன்று பதில் சொல்கிறேன். வெளியாள் யாரும் வரவில்லை. அன்று காலை என் கணவர்தான் அவருக்குச் சவரம் செய்துவிட்டார்.