நாற்பத்தேழாவது மாற்றத்தின் குறிப்பு

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள், அதுவும் கம்ப்யூட்டர் படித்தவள், அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை. ஆனால் நடந்தது, பட்டப்பகலில் நடந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. பெரியநாயக்கன்பாளையத்தில், பஞ்சாலை மெஷின்களுக்கு ப்ரோகிராம் எழுதும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். சூலூர்ப் பக்கம் என் அக்கா வேலை செய்த மில்லிலும் எங்கள் ப்ரோகிராம்தான் ஓடியது. ஒரு நாள் காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏண்டி படிச்சவளே, உருளை நின்னாத்தான் மெஷின் கதவு தொறக்கும்னு பெரும பேசுனியே? நேத்து தொறந்தா உள்ள சுத்திக்கிட்டுக் கெடக்குது! கைய உடப்போனவ என்னமோ திரும்பிப் பாத்தேன், தப்பிச்சேன்."

இன்றைக்கு வேலைக்குப் போகாதே என்றேன்.

"நான் போகலீன்னா அங்க இன்னொருத்தி கை இருக்கும்" என்றாள்.

இரண்டு மணிக்கு அவளுக்கு ஷிப்ட். ஆபீசுக்கு ஓடி மேனேஜரிடம் சொன்னேன்.

"ஏனுங்க அம்மணி, அக்கா சொன்னாங்கன்னு ஓடற மெஷினை நிறுத்தச் சொல்ல முடியுங்களா? எந்த மாத்தத்துல கெட்டுதுன்னு காட்டுங்க, அடுத்த நிமிசம் போன் போடறேன்."

ப்ரோகிராமில் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதி வைப்பது எங்கள் வழக்கம், அதையும் தமிழில் நினைத்து ஆங்கில எழுத்தில் தட்டுவோம், ஆளுக்கு ஒரு விதமாக. கம்பெனியின் எல்லா ப்ரோகிராம்களுக்கும் எழுதிய இரண்டு வருடக் குறிப்புகளை ஒரே ஃபைலில் கொட்டி, 'கதவு' என்பதை யார் எப்படி எழுதியிருந்தாலும் சிக்குகிற மாதிரி ஒரு பேட்டர்ன் போட்டுத் தேடினேன். முதலில் ஒன்றுமே வரவில்லை. மாற்றி மாற்றிப் போட்டேன். மணி ஒன்றைத் தாண்டியதும் விரல்கள் வேறு தப்புத் தப்பாக விழுந்தன. கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது.

"கதவு பூட்டு போச்சு. கை பத்திரம் கண்ணு."

அக்கா மில் ப்ரோகிராமின் நாற்பத்தேழாவது மாற்றம், ஃபைலில் 2316-வது வரி. இரண்டையும் குறிப்போடு சேர்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். யார் செய்த மாற்றம் என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. நாற்பத்தாறையும் நாற்பத்தேழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உருளை நின்றுவிட்டதா என்று சோதிக்கிற இரண்டு வரிகளைக் காணோம். மேனேஜர் போனை எடுத்தார். மெஷின் நின்றபோது ஷிப்ட் மாற ஐந்து நிமிடம் இருந்தது.

"அந்தக் குறிப்பையும் பிரிண்ட் எடுங்க" என்றார். அதே பேட்டர்னைப் போட்டேன். எதுவும் வரவில்லை. மறுபடி போட்டேன், இல்லை. ஃபைலைத் திறந்து 2316-வது வரிக்குப் போனேன். எதுவும் எழுதாமல் விட்டால் கம்ப்யூட்டரே 'குறிப்பு காலி' என்று ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளும். அங்கே இருந்தது அதுதான். மேலே மாற்றியவர் பெயர். என் பெயர். சூலூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு சாயங்காலம் குறிப்பு எழுதாமல் ஓடிப்போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலியான வரியை அந்தத் தேடல் எப்படிப் பிடித்தது? பதற்றத்தில் நானே கற்பனை செய்துகொண்டேன் என்று வைத்தால், நோட்டில் எழுதிய எண் மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்?

தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் நானே சொன்னேன். குறிப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை அக்காவிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். கேலி செய்வாள் என்று பார்த்தால் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதையேதான்டி. நேத்துக் கைய உடப்போறப்போ பின்னால யாரோ 'கை பத்திரம் கண்ணு'ன்னாங்க. அதான் திரும்பிப் பாத்தேன். ஆருமே இல்ல."

அவள் அதைக் காலையில் என்னிடம் சொல்லவே இல்லை.